சபையில் காட்டிய சீர்

கடத்தூர்,
ஞாயிறு மாலை

அன்புத் தம்பி பிரபாகருக்கு,

அக்கா மணிமேகலை எழுதுவது. போனை நீ எடுப்பதில்லை. காகிதத்தையாவது கையில் வாங்குவாய். இங்கே எல்லோரும் நலம். கவிப்பிரியாவின் காது ஆறி வருகிறது. மழை இல்லை. தக்காளி விலை போகவில்லை.

நடந்ததை உனக்கு யாரும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பெங்களூரில் லீவு கிடைக்கவில்லை என்று நீ கொடுத்தனுப்பிய நகைக்கடை கிஃப்ட் கார்டைக் காதுகுத்தன்று தாம்பாளத்தில் பழங்களுக்கு நடுவே வைத்தேன். தாய்மாமன் சீர் சபைக்குத் தெரிய வேண்டும். ஓர் அட்டையில் என்ன தெரியும்? என் மாமியார் குள்ளம்மாள், "உள்ள என்ன இருக்குதுன்னு நாலு பேரு பாக்க வேணாமாங்க?" என்று வெள்ளிப் பூச்சை நாணயத்தால் சுரண்டினார். உள்ளே இருந்த ரகசிய எண்ணோடு தூக்கிப் பிடித்தார். எல்லோரும் படம் எடுத்தார்கள். ஸ்டேட்டஸில் வைத்தார்கள்.

அடுத்த வாரம் தோடு வாங்கப் போனோம். கார்டில் ஒன்றும் இல்லை. எப்போது, எங்கே செலவானது என்று கேட்டோம். வாங்கியவர் பில்லோடு வந்தால்தான் சொல்வார்களாம்.

திரும்பும் பஸ்ஸில் மாமியார் ஊருக்கே கேட்கும்படி சொன்னார். "உம் பொறந்தவன் கெட்டிக்காரன்தான். வெறும் அட்டைக்கு மஞ்ச தடவி சீருன்னுட்டான்." அது உன் காதுக்கும் வந்திருக்கிறது. அன்றிலிருந்துதான் உன் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது.

நான் ஒரு நொடியும் நம்பவில்லை. இதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்.

தர்மபுரியில் வக்கீல் சகாயமேரியைப் பார்த்தோம். படத்தில் எண்ணைப் பார்த்த எவனோ எடுத்திருப்பான் என்றார். "எண்ணைக் காட்டுனது உங்க தப்புங்க. எண் தெரிஞ்சாலே பணம் போற மாதிரி கார்டு வித்தது அவங்க தப்பு." சுரண்டிய கார்டுக்குப் பொறுப்பில்லை என்று பின்பக்கம் இருப்பதைக் காட்டினேன். அட்டையில் அச்சடித்ததெல்லாம் சட்டமாகிவிடாது என்றார். நுகர்வோர் ஆணையத்தில் கேட்கலாம். ஜெயிப்போம் என்று அவர் சொல்லவில்லை. கேட்க உரிமை இருக்கிறது என்றார்.

உன் மச்சான் தமிழ்மணி மெல்லக் கேட்டார்: வாங்கும்போதே சுரண்டியிருந்தது என்று எழுதிவிட்டால்? வக்கீல் பேனாவை மூடி வைத்தார்.

அதுவரை கதவோரம் உட்கார்ந்திருந்த மாமியார் எழுந்தார். "நாந்தாங்க சுரண்டுனேன். அப்படியே எழுதுங்க. அந்தப் பையன் மேல ஒண்ணும் வராம எழுதுங்க."

வக்கீல் பேனாவைத் திறந்தார்.

நேற்று அடுப்படியில் மாமியார், என்னைப் பார்க்காமல், "வருவானா?" என்று கேட்டார். வருவான் என்றேன். "வந்தா எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு சோறு போடறது" என்றார். அரிசியைக் களைந்துகொண்டே இருந்தார். தண்ணீர் எப்போதோ தெளிந்துவிட்டது.

வாங்கியவன் நீ. புகாரில் உன் கையெழுத்து வேண்டும். அவர் உன்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கமாட்டார். உனக்குத் தெரியும். இலை போடுவார். நீ உட்கார வேண்டும்.

பில்லை எடுத்துக்கொண்டு வா. பில் கிடைக்காவிட்டாலும் வா.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
அக்கா
மணிமேகலை