மாதா கோயிலடியில் விட்ட அடி

பேத்தியின் கன்வஸ் சப்பாத்துக்கு வெள்ளை பூசி மதிலில் காயவைத்திருக்கிறேன். அந்த ஈர வெள்ளையின் மணம் மூக்கில் ஏற ஏற, உம்மோடு கதைக்காமல் இருக்க ஏலவில்லை. நீர் கண்ணை மூடி நேற்றோடு முப்பத்தொரு நாள்.

அவள் பள்ளிக்கூட பாண்டில் சின்ன ட்ரம் அடிக்கிறாள். நாங்கள் அடித்த அதே பள்ளிக்கூடம். மூன்றாம் வகுப்பிலிருந்து மூன்று வருஷம் நீர் பெரிய ட்ரம், நான் சின்னது. "எடி, ட்ரம்முக்கு மேலால கண் மட்டுந்தான் தெரியுது, மதிலால எட்டிப் பாக்கிற ஆடு மாதிரி" என்று நான் பழிப்பேன். "நீ அடிக்கிறது ட்ரம்மோ, தகரமோ?" என்று நீர் திருப்பித் தருவீர். அந்த மூன்று வருஷத்தில் நான் ஒரு அடி பிசகினதில்லை. பெருமைக்குத்தான் எழுதுகிறேன்.

ஐந்தாம் வகுப்பில் விளையாட்டுப் போட்டி வந்தது. வள்ளத்தில் வந்த பிரதம விருந்தினரைத் துறையடியிலிருந்து பாண்ட் முன்னே நடந்து கூட்டிவந்தோம். மாதா கோயிலைக் கடக்கும்போது, வீட்டுப் பழக்கத்தில் நீர் சிலுவை போட்டீர். தடி பிடித்த கையாலேயே. பெரிய ட்ரம் நின்றது. எல்லாருடைய காலும் குழம்பி, முன்வரிசை போய்க் கொடி பிடித்தவளின் முதுகில் இடித்தது. விருந்தினர் சிரித்துவிட்டார்.

பின்னால் அவரோடு வந்த டீச்சருக்கு முகம் கறுத்துப்போய்விட்டது. "ஆர் அடியை விட்டது?"

"இவதான் டீச்சர். இவ இடையில நிப்பாட்ட எனக்கும் பிசகிப் போச்சு."

என்னைக் காட்டி நீர்தான் சொன்னீர். சிலுவை போட்டனான் என்று சொல்லியிருந்தால் டீச்சர் உம்மை ஏசியிருக்கவே மாட்டா. அதுதான் இன்றைக்கும் எரிகிறது. நீராய்ச் சொல்லுவீர் என்று நான் வாய் திறக்காமல் நின்றேன். டீச்சர் எல்லாருக்கும் முன்னால் என் ட்ரம்மைக் கழற்றி வாங்கினா. "நாளைக்கு மன்னிப்புக் கேட்டுப்போட்டு வகுப்புக்குள்ள வா" என்றா.

செய்யாததுக்கு நான் ஏன் கேட்க வேண்டும்? போகவில்லை. ஏழு நாள், ஒரு கிழமை பார்த்த என்னைப் பெற்ற ஐயா, "சரி, மாட்டைப் பார்" என்றார். என் படிப்பு அவ்வளவுதான்.

நீர் படித்து டீச்சராகி, அதிபருமானீர். கடைத்தெருவில் கண்டால் கையைப் பிடித்துக் கதைப்பீர். பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைப்பீர். சண்டைக்குள் இடம்பெயர்ந்து போய் ஒரே வகுப்பறையில் இரண்டு குடும்பமும் பாய் விரித்துக் கிடந்தோமே, அங்கேயும் 'பிழை என்னுடையது' என்று ஒரு சொல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு வாங்க அது என்ன உப்போ?

நேற்று உம்முடைய பூசைக்கு வந்தனான். கனடாவிலிருந்து வந்த உம்முடைய மகள் எனக்குச் சோறு போட்டாள்.

"அன்ரி, அம்மா எப்பவும் உங்களைப் பற்றித்தான் கதைப்பா. சரியான கெட்டிக்காரி, ஆனா படிப்பில விருப்பமில்லாமல் விட்டிட்டா எண்டு சொல்லுவா. உண்மையோ?"

பந்தியில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். உண்மை வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவளுக்கோ அழுதழுது வீங்கின முகம்.

"ஓம் பிள்ளை. எனக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கேல்லை."

உம்மை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதையும். அந்தப் பிள்ளையின் முகத்துக்காகச் சொன்னது. பாதிச் சோற்றோடு எழும்பினேன். கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன். நடந்தது தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். இனி நான் ஒருத்தி. உம்முடைய பொய்யை இப்போது என் வாயாலும் சொல்லிவிட்டேன்.