வாய்க்காலில் மிதந்த ஏடு

நேற்று மருமகள் வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிக்கக் கடுக்காயை இடித்து எங்கள் கிணற்றுத் தண்ணீரில் ஊறவைத்தாள். கொஞ்ச நேரத்தில் சொம்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். தண்ணீர் மை மாதிரி கறுத்திருந்தது. "மாமா, கடுக்கா கெட்டுப்பூச்சா, தண்ணி கெட்டுப்பூச்சா?" என்றாள். அந்தத் துவர்ப்பு வாடை என் மூக்கில் ஏறியது. நீ கண்மூடி இரண்டு ஆடிக் கிருத்திகை கழிந்துவிட்டது. இன்னமும் அந்த வாடை வந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. துக்கம் அதற்குப் பிறகுதான்.

கே.ஜி.கண்டிகை பக்கம் என் கிணற்றை ஆழப்படுத்திய கோடையை நீ மறந்திருக்க மாட்டாய். எழுபதுகளின் தொடக்கம். சொர்ணவாரிப் பட்டத்துக்கு நெல் நட்டிருந்தேன். டீசல் இன்ஜின் இறைத்த தண்ணீர், உங்கள் நெசவுத் தெருவுக்குப் பின்னால் வாய்க்கால் வளையும் இடத்தில் தேங்கி நிற்கும். புது ஊற்று வந்த பிறகு அங்கே செம்மண் குழம்பு போல ஒரு வழவழப்பு படிந்தது. அதன்மேல் பாலாடை மாதிரி ஓர் ஏடு, வெயிலில் பல நிறம் காட்டி மினுக்கியது. உங்கள் பெண்கள் நூல் அலசுவதும் அங்கேதான். காவடி எடுப்பவர்களுக்கு விற்கும் மஞ்சள் வேட்டிக்காக, சாயம் பிடிக்கக் கடுக்காயில் ஊறவைத்த நூலை அலசினார்கள். திட்டுத் திட்டாகக் கறுத்துப்போனது.

ஏடு மினுக்கியதைப் பார்த்ததும் தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். "உங்க இன்ஜின்ல டீசல் ஒழுவிகினு கீது. எங்க நூலு பாழு. இன்ஜினை நிறுத்துங்க" என்றாள் உன் சித்தி. நிறுத்தினால் என் நெல் கருகும்.

அன்று சாயங்காலம் டீக்கடையில் உன்னிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எட்டாவதோடு நின்றவன் நான். திருத்தணி நூலகத்தில் உட்கார்ந்து, புரியாததை மூன்று முறை படித்துத் தெரிந்துகொண்டவன். இது டீசல் இல்லை, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் வேலை என்றேன். நீரில் கரைந்த இரும்பைத் தின்று துருவாக்கிப் படிய வைக்கின்றன. ஆதியில் கடல் முழுக்க இரும்பு கரைந்திருந்தது. பச்சை நுண்ணுயிர்கள் விட்ட மூச்சில் அது துருவாகி அடியில் இறங்கி, அடுக்கடுக்காகக் கல்லானது. இன்று சுரங்கத்தில் வெட்டும் இரும்பில் பெரும்பங்கு அந்தக் கல்தான் என்றேன். குச்சியால் ஏட்டைக் கிழித்துப் பார், டீசலானால் திரும்ப ஒட்டிக்கொள்ளும், இது அப்பளம் போல உடைந்து உடைந்தபடியே நிற்கும் என்றும் சொன்னேன்.

நீ டீயை ஊதிக்கொண்டே, "அப்ப உன் இன்ஜினே அதுங்க போட்டதுதானா, பாவா?" என்று கேட்டாய். தெலுங்கு பேசும் நீ என்னைக் கடைசிவரை மச்சான் முறை வைத்துப் பாவா என்றுதான் கூப்பிட்டாய். கேலி செய்கிறாய் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை வாய்க்காலடியில் கூட்டம். நான்தான் முதலில் பேசினேன். ஆதிக் கடலிலிருந்து ஆரம்பித்தேன். "கடலு எங்க கீது, கண்டிகை எங்க கீது?" என்றார் ஒருவர். "பூச்சி கல்லு கட்டுதாம், கேட்டுக்குங்க" என்றாள் உன் சித்தி. நான் வாய்க்காலுக்கு வந்து சேர்வதற்குள் பாதிப்பேர் முதுகைக் காட்டி நின்றார்கள்.

அப்போது நீ வந்தாய். லுங்கியை மடித்துக் கட்டி, ஒரு கையில் குச்சி, மறு கையில் இரண்டு கொட்டாங்கச்சி. குச்சியால் ஏட்டைக் கிழித்தாய். உடைந்தது, சேரவில்லை. ஒரு கொட்டாங்கச்சியிலிருந்த டீசலைப் பக்கத்தில் ஊற்றிக் கிழித்தாய். உடனே சேர்ந்துகொண்டது. மற்றதில் இருந்தது கடுக்காய்த் தண்ணீர். அதில் சிவப்புச் சேற்றை ஒரு கை அள்ளிப் போட்டாய். எல்லார் கண்ணெதிரிலும் கறுத்தது.

"இன்ஜின் போட்ட அழுக்கு இல்ல இது. இன்ஜினையே போட்ட அழுக்கு" என்றாய்.

அவ்வளவுதான். சிரித்தார்கள், நம்பினார்கள். கடுக்காய் நூலை மட்டும் தெருக்கிணற்றில் அலசுவதென்று ஆனது. இன்ஜின் ஓடியது. நெல் பிழைத்தது. அன்றிலிருந்து அது உன் கதை. பள்ளிப்பட்டு பஸ்ஸில் கண்டக்டர்கூட உன்னைக் காட்டி, "டீசலைக் கண்டுபிடிச்சவரு" என்றார். பக்கத்து சீட்டில் நான் இருந்தேன்.

ஒரு நாள் உன்னிடம் கேட்டே விட்டேன். "குச்சி நான் சொன்னது."

"ஆங், நீ சொன்னதுதான் பாவா. யாரு இல்லன்னது?"

"கடுக்காய்?"

"துருப்புடிச்ச சட்டியில கடுக்கா ஊத்துனா கறுக்கும்னு எங்க வூட்டுப் பொம்பளைங்களுக்கே தெரியும்."

"பின்ன ஏன் அன்னிக்கு ஒருத்தருக்கும் தோணல?"

"உன் இன்ஜின் சத்தத்துல எங்க யோசிக்கிறது?"

நான் சொல்லிக் கொடுத்ததை யாரிடமும் நீ இல்லையென்று சொன்னதில்லை. யாரிடமும் நீயாகப் போய்ச் சொன்னதும் இல்லை. கடுக்காய் விஷயம் நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அகப்படவில்லை என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஆனாலும் ஒன்று சொல்வேன். கடுக்காய் இரும்பைத்தான் காட்டும், உயிரைக் காட்டாது. அங்கே உயிர் இருக்கிறதென்று சொன்னவன் நான். இதில் நான் இறங்கி வருவதாக இல்லை.

இன்ஜின் போய்க் கரண்ட் மோட்டார் வந்துவிட்டது. வாய்க்கால் வளைவில் அந்தச் சிவப்புச் சேறு விரல் தடிமனுக்குப் படிந்து இறுகி, மண்வெட்டி பட்டால் ஓசை கொடுக்கிறது. யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அந்த நுண்ணுயிர்கள் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. பேர் கேட்பதில்லை. எனக்கு அந்தக் குணம் வரவில்லை.

நேற்று மருமகளிடமும் ஆதிக் கடலிலிருந்துதான் ஆரம்பித்தேன். அவள் கண் அடுப்பைப் பார்த்தது. நிறுத்திவிட்டு உன் வாக்கியத்தைச் சொன்னேன். சிரித்தாள், புரிந்துகொண்டாள். "யாரு மாமா சொன்னது இது?" என்றாள். உன் பெயரைத்தான் சொன்னேன். அவனுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தது நான் என்றும் சேர்த்துச் சொன்னேன். "ஆங் மாமா" என்று சொம்பை எடுத்துக்கொண்டு போனாள். குரலில் நம்பிக்கை இல்லை.

அந்த டீக்கடையில் நான் சொன்னதைக் கேட்டவன் நீ ஒருத்தன்தான். "யாரு இல்லன்னது?" என்று கேட்கவாவது நீ இருந்திருக்கலாம்.