வியாழக்கிழமை வாடிக்கைக்காரர்

ஏப்ரல் 9, செவ்வாய்

மழை. மாட்ரிட்டிலிருந்து வந்த ஒரு தம்பதி. மீன் சந்தையில் குடைக்கடியில் நின்றுகொண்டு, "இது எப்ப நிக்கும்?" என்று அந்த அம்மாள் கேட்டாள். "போன தடவை நின்னப்ப நான் ஊர்ல இல்ல" என்றேன். அவள் சிரித்தாள். கணவருக்கு ஷூ நனைந்த கோபம்.

ஊரைச் சுற்றிக் காட்டும் வழக்கமான இரண்டு மணி நேரம். மரவீடுகள், கோட்டை, பிறகு சந்துகள் வழியாக ஸ்கான்சென் மேடு வரை ஏற்றம். பழைய தீயணைப்பு நிலையத்தின் முன்னால் முடித்துவிடுவேன். அதற்கு மேலே மலைப்பாதை. இருபது வருஷமாக ஒரு வாடிக்கைக்காரரையும் அந்தப் பக்கம் கூட்டிப்போனதில்லை.

வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றும்போது போன். "நான் சிக்ரூன் பேசறேன்." யாரென்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது. என் முன்னாள் கணவன் அர்விட்டோடு இப்போது வாழ்பவள். அவனும் நானும் பிரிந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. அவள் என்னோடு பேசியது இன்றுதான் முதல் தடவை.

அர்விட்டுக்கு நினைவு தப்பிக்கொண்டே வருகிறதாம். இரண்டு வருஷமாகவே. என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஏன் சொல்லவேண்டும்? நான் யார் அவனுக்கு?

"டாக்டர் நடக்கச் சொல்றாரு. என்கூட வரமாட்டேங்கிறார். 'என்னை மேய்க்க வர்றியா'ன்னு கேக்கறார். நூலகத்துல உங்க விளம்பரச் சீட்டு இருந்துச்சு. அதைப் பாத்துட்டு, இவங்க சுத்திக் காட்டினா போறேன்னார்."

அந்தச் சீட்டில் என் முகம் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கிறது.

"என்னைத் தெரியலையா அவனுக்கு?"

"தெரியல, தோர்டிஸ்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 10, புதன்

போகமாட்டேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

எழுதித் தொலைக்கிறேன். யார் படிக்கப் போகிறார்கள்.

2004 பிப்ரவரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் மகன் ஈவருக்குப் பத்தொன்பது வயது. அர்விட் அடுப்படியிலிருந்து, "வீட்லயே அடைஞ்சு கிடக்காதடா, போய் மலை ஏறிட்டு வா" என்றான். இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை எந்த அப்பாதான் அதைச் சொல்லவில்லை? நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். மதியம் பனிமூட்டம் இறங்கியது. செவ்வாய்க்கிழமைதான் அவனைக் கண்டுபிடித்தார்கள்.

சவ அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், கோட்டைக்கூடக் கழற்றாமல் நான் அர்விட்டிடம் சொன்னேன்: "நீதானே அனுப்பின."

அவ்வளவுதான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்டோம், பிறகு பிரிந்தோம்.

ஆனால் நான் பார்த்தேனே. அர்விட் வாயைத் திறப்பதற்கு முன்பே ஈவர் வாசலில் உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். யாரும் அனுப்பவில்லை. அவன் கிளம்பிவிட்டிருந்தான். எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். தெரிஞ்சும் சொன்னேன். ஏன்னா யார் மேலயாவது போடணும், பக்கத்துல அவன்தான் நின்னான்.

அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இருபது வருஷமாக நினைக்கிறேன். நல்ல சமயம் பார்த்துச் சொல்லலாம் என்று இருந்தேன். என்ன சமயம் பார்த்தேனோ.

ஏப்ரல் 14, ஞாயிறு

சிக்ரூனைக் கூப்பிட்டேன். வியாழக்கிழமை பதினொரு மணி, மீன் சந்தை. காசு வாங்கமாட்டேன் என்றதும் அவள் அழுத மாதிரி இருந்தது.

போனை வைக்கப் போகும்போது அவளே கல்லறைப் பேச்சை ஆரம்பித்தாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கல்லறைக்கு விளக்கு வைக்கப் போவது இங்கே எல்லோருக்கும் உள்ளதுதான். ஈவரின் கல்லறைக்கு நான் இரண்டு மணிக்குப் போவேன். அர்விட்டின் சாம்பல் நிறக் கார் வாசலில் நிற்கும். நான் போகட்டும் என்று அவன் காத்திருக்கிறானே, காக்க வைக்கக் கூடாதே என்று நான் சீக்கிரம் விளக்கை ஏற்றிவிட்டு, அடுத்த கேட் வழியாக வெளியே போய்விடுவேன். வருஷா வருஷம்.

"அவர் காலையிலயே விளக்கு வச்சிடுவார்" என்றாள் சிக்ரூன். "ரெண்டு மணிக்கு மறுபடி போவார். நீங்க வந்து கார் கண்ணாடியைத் தட்டுவீங்கன்னு."

"அவனே இறங்கி வந்திருக்கலாமே?"

"உங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னார்."

நல்ல மரியாதை தெரிந்த ஜனங்கள் நாங்கள். எங்களை என்ன சொல்வது.

ஏப்ரல் 18, வியாழன்

வந்தான். நீல அனோராக் ஜாக்கெட், சுத்தமாகச் சவரம் செய்த முகம். இளைத்திருக்கிறான். கையை நீட்டி, "அர்விட்" என்றான். நானும் என் பெயரைச் சொன்னேன்.

"தோர்டிஸா? நல்ல பேரு" என்றான்.

சிக்ரூன் காபிக் கடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். நாங்கள் நடந்தோம். நான் 1702 தீ விபத்தைப் பற்றிச் சொன்னேன், கருவாட்டு வியாபாரிகளைப் பற்றிச் சொன்னேன். நாற்பது வருஷம் இங்கே பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவன் அவன். இதில் பாதியை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். "நல்லா படிச்சு வச்சிருக்கீங்க" என்று பாராட்டினான்.

நாங்கள் குடியிருந்த சந்து வழியாகப் போனோம். மஞ்சள் வீடு, இப்போது வெள்ளை அடித்திருக்கிறார்கள். அவன் அதன் கதவைக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னலோரம் படுத்திருந்த பூனையைப் பார்த்து, "என்னடா, வேலைவெட்டி இல்லையா?" என்றான்.

அந்த வேடிக்கைப் பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 25, வியாழன்

இன்று ஸ்கான்செனில் நான் வழக்கம்போலத் திரும்பினேன். அவன் திரும்பவில்லை. தீயணைப்பு நிலையத்தைத் தாண்டி நேராகப் போய், மலைப்பாதை தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டான். முகம் மாறிவிட்டது.

"அந்தப் பையனை அனுப்பியிருக்கக் கூடாது" என்றான்.

"எந்தப் பையனை?"

"தெரியல. ஒரு பையன்." கையைப் பிசைந்தான். "நான்தான் அனுப்பினேன்."

"யாரு சொன்னா?"

"சொன்னாங்க."

"யாருங்க?"

"அது ஞாபகமில்ல. ஆனா சொன்னாங்க."

என் முகம் போய்விட்டது. என் பெயர் போய்விட்டது. ஈவர் என்ற பெயரும் போய்விட்டது. நான் சொன்ன அந்த ஒரு வார்த்தை மட்டும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. எல்லாத்தையும் விட்டுட்டு அதைப் போய் வச்சிருக்கியே, பாவி மனுஷா.

ஏப்ரல் 26, வெள்ளி

இரண்டு சுற்றுகளையும் ரத்து செய்தேன். நாள் முழுக்க அழுதேன். வேறொன்றும் இல்லை.

மே 2, வியாழன்

அதே இடம், அதே பேச்சு. இந்தத் தடவை நான் தயாராக இருந்தேன்.

"நீங்க அனுப்பல" என்றேன். "நீங்க பேசறதுக்கு முன்னாடியே அவன் பூட்ஸ் கட்டிட்டான். அவனாத்தான் கிளம்பினான்."

என்னை உற்றுப் பார்த்தான். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் வழிகாட்டி. இந்த ஊர்ல நடந்ததெல்லாம் தெரிஞ்சு வச்சுக்கறதுதானே என் வேலை."

அது அவனுக்குச் சரியாகப் பட்டது. "அப்ப நான் அனுப்பல" என்றான். "இல்ல" என்றேன். இன்னும் இரண்டு தடவை கேட்டுக்கொண்டான். பிறகு தோள் இறங்கி, மூச்சு விட்டான். திரும்பும் வழியில் இலவங்கப்பட்டை போட்ட பன் வாங்கித் தந்தான், வெண்ணெயோடு. மூக்கெல்லாம் சர்க்கரை. நான் துடைத்துவிடப் போய், கையை இழுத்துக்கொண்டேன்.

இருபது வருஷம் தூக்கிச் சுமந்ததை இறக்கி வைக்க ஒரு நிமிஷம்தான் ஆனது. ஒரு நிமிஷம். அந்தக் காரின் கண்ணாடியைத் தட்டியிருந்தால் போதும்.

மே 9, வியாழன்

மறந்துவிட்டான். மறுபடி அதே இடத்தில் நின்று, "அந்தப் பையனை—" என்றான். போன வாரம் நான் சொன்னதுதான் தங்கவில்லை. முதலில் சொன்னது தங்கியிருக்கிறது.

மறுபடி சொன்னேன். மறுபடி மூச்சு விட்டான். பன்.

மே 17, வெள்ளி

தேசிய நாள். ஊர்வலம், கொடி, பித்தளை வாத்தியம், எங்கே பார்த்தாலும் ஐஸ்கிரீம் ஒட்டிய குழந்தைகள். கூட்டத்துக்கு அந்தப் பக்கம் அர்விட்டும் சிக்ரூனும் நின்றார்கள். என்னவோ, கால் தானாகவே வேறு பக்கம் திரும்பியது. அங்கேயே நின்று என்னை நானே திட்டிக்கொண்டேன். பிறகு குறுக்கே புகுந்து அவர்கள் பக்கத்தில் போய் நின்றேன். சிக்ரூன் நகர்ந்து இடம் விட்டாள். மூன்று பேரும் சேர்ந்து ஊர்வலத்தைப் பார்த்தோம். நன்றாக இருந்தது.

ஜூன் 6, வியாழன்

எட்டாவது நடை. எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. பூட்ஸைப் பற்றிச் சொல்கிறேன், நீங்கள் அனுப்பவில்லை என்கிறேன், எல்லாம் சரி. சொன்னது யார் என்று மட்டும் சொல்லாமல் தப்பித்துக்கொண்டிருக்கிறேன். வழிகாட்டியாம், வழிகாட்டி.

இன்று அவன் "சொன்னாங்க" என்றதும், "அதைச் சொன்னது நான்" என்றேன்.

"நீங்களா?"

"ஆமா. பொய்னு தெரிஞ்சே சொன்னேன். அதை வாபஸ் வாங்கிக்கறேன். மன்னிச்சிடு, அர்விட்."

திட்டுவான் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் நினைத்தேன்.

"அப்படின்னா உங்களுக்குத்தான் ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும்" என்றான். "இத்தனை நாளா வச்சுக்கிட்டு இருந்திருக்கீங்களே."

பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தான். அவனுக்கு இன்னும் இஸ்திரி போட்ட கைக்குட்டைதான். அந்தப் பாதையோரம், நாலைந்து பேர் மலையேறப் போகிற இடத்தில், அறுபத்து மூன்று வயதுக்காரி நின்று ஏங்கி ஏங்கி அழுதேன். அவன் பொறுமையாகக் காத்திருந்தான். முடிந்ததும், "அடுத்தது எங்க போறோம்?" என்றான்.

ஜூன் 13, வியாழன்

கைகுலுக்கி, "அர்விட்" என்றான். முதலிலிருந்து.

மன்னித்துவிட்டான். அது அவனுக்குத் தெரியாது. எனக்கு மட்டும் தெரிந்தால் அது மன்னிப்புதானா? ஆம் என்று வைத்துக்கொள்கிறேன். வேறு என்ன செய்ய.

ஆகஸ்ட் 22, வியாழன்

கோட்டைப் பக்கம் போகவில்லை. சந்தையிலிருந்து நேராக ஸ்கான்சென், நடுவில் மூன்று பெஞ்சுகளில் உட்கார்ந்து. மலைப்பாதையில் நின்றான், வார்த்தை வரவில்லை. "அந்த—" என்றான். "அந்த—" நானே முடித்து, நானே பதில் சொன்னேன்.

சிக்ரூன் சொல்கிறாள்: அக்டோபரில் முதியோர் இல்லத்தில் இடம் கிடைக்கும். அவளும் ஒரு சுற்று இளைத்துவிட்டாள். "நீங்களும் ஒருநாள் எங்ககூட நடக்கலாமே" என்றேன். "அது உங்க ரெண்டு பேரோட நேரம்" என்றாள். அவளும் இந்த ஊர்க்காரிதானே. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவேண்டும் போலிருக்கிறது.

செப்டம்பர் 19, வியாழன்

காய்ச்சல் அவனுக்கு. நடை இல்லை.

அக்டோபர் 3, வியாழன்

நாளை மறுநாள் இல்லத்துக்குப் போகிறான். இதுவே கடைசி நடை. சிக்ரூனையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பின்னால் பத்தடி தள்ளி வந்தாள்.

வெயில் அடித்தது. ஏற்றத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டான். தீயணைப்பு நிலையம் வந்தது. மலைப்பாதை வந்தது. நான் நின்றேன். அவன் நிற்கவில்லை. அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்துகொண்டே இருந்தான்.

"அர்விட்" என்றேன். "இங்க ஒரு பையன்—"

"எந்தப் பையன்?" என்று மரியாதையாகக் கேட்டான். முகத்தில் ஒன்றுமில்லை. நெற்றிச் சுருக்கம் இல்லை, கையைப் பிசையவில்லை.

இதுதானே நான் கேட்டது. அந்த வார்த்தை அவனுக்குள்ளிருந்து போய்விட வேண்டும் என்றுதானே. போய்விட்டது. போகும்போது ஈவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அவனைப் பெற்ற இரண்டு பேரில் அவனைத் தெரிந்தவள் இனி நான் ஒருத்திதான்.

சிக்ரூன் பின்னால் அசையாமல் நின்றாள்.

நான் அவனைப் பெஞ்சில் உட்காரவைத்தேன். வேலைக் குரலில் ஆரம்பித்தேன்: "இந்தச் சந்துல, கீழே அந்த வெள்ளை வீட்ல, ஈவர்னு ஒரு பையன் இருந்தான்."

"அப்படியா?" என்றான். கேட்பதற்கு வசதியாகச் சாய்ந்துகொண்டான்.

சொன்னேன். மூன்று வயதில் மீன் சந்தையில் தொலைந்துபோய், நண்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் தூங்கிக் கிடந்ததை. அப்பாவின் வகுப்பிலேயே உட்கார்ந்து அப்பாவிடமே திட்டு வாங்கியதை. டிரம்பெட் வாசிக்கிறேன் என்று சந்து முழுவதையும் பகைத்துக்கொண்டதை. அர்விட் சத்தமாகச் சிரித்தான்.

"போக்கிரி" என்றான். "அப்புறம்?"

"அப்புறம் பெரியவனானான். ஒரு ஞாயித்துக்கிழமை மலைக்குப் போனான்."

"தனியாவா?"

"தனியாத்தான். அவனாவே கிளம்பிப் போனான். யாரும் சொல்லல."

"நல்லா நடப்பானோ?"

"ரொம்ப நல்லா நடப்பான்."

தலையாட்டினான். மேலே மலையைப் பார்த்தான். நான் அதோடு நிறுத்திக்கொண்டேன். அவனும் அதற்கு மேல் கேட்கவில்லை.