டாக்டர் கேட்டது உன்னை

என் மனைவிக்கு,

இங்கே நான் சௌக்கியம். உன் தோள்வலி இப்போது எப்படி இருக்கிறது? இதை நான் உன்னிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பது எழுதும்போதுதான் உறைக்கிறது.

போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ ஒரு வார்த்தை சொல்வதற்குள் நான் நாலு வார்த்தை பேசிவிடுவேன். கடிதத்தைப் பாதியில் மடித்து வைத்துவிடலாம். என்னை அப்படி மடித்து வைக்க உன்னால் முடிந்ததில்லை.

மகன் விடுதியிலிருந்து பேசினான். நீ அவன் பெரியம்மா வீட்டில் ஓய்வெடுப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். குளியலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது. புதுப் பாலத்தின் பொறுப்பை என்னிடம் தொழில் கற்றவனுக்கே கொடுத்துவிட்டார்கள். அவன் வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "சார், நீங்க ஒரு பார்வை பார்த்துட்டீங்கன்னா எனக்கு நிம்மதி" என்கிறான். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக் கொடுத்தேன்.

உன் வக்கீல் அக்கா போன வாரம் என்னைக் கூப்பிட்டார். நலம் விசாரிக்க அல்ல. அங்கே அவர் வீட்டில் நீ உடை மாற்றும்போது உன் தோளைப் பார்த்தாராம். உள்ளாடைப் பட்டை அழுத்தி இரண்டு பக்கமும் பள்ளமே விழுந்திருக்கிறதாம். "பாலம் எவ்வளவு பாரம் தாங்கும்னு கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்குறீங்க, பொண்டாட்டி தோள்ல இருக்குற பாரம் மட்டும் கண்ணுல படலையா மாப்பிள்ளை?" என்று கேட்டார். எனக்குப் பெண் கொடுக்க வேண்டாம் என்று அன்று சொன்னவர்தானே, வேறெப்படிப் பேசுவார் என்று போனை வைத்துவிட்டேன்.

நேற்று உன் பரிசோதனைக்கூடத்துக்குப் போனேன், உன் அலமாரிச் சாவியைக் கொடுக்க. நுண்ணோக்கிக்கு முன்னால், உன் மேசை விளிம்பில், நாலாக மடித்த ஒரு துண்டு இருந்தது. எதற்கு என்று உன்னோடு வேலை செய்யும் அந்த மூத்த அம்மாவிடம் கேட்டேன். நாள் முழுக்கக் குனிந்து பார்க்க முடியாமல், மார்பின் கனத்தை அதன்மேல் சாய்த்துக்கொண்டுதான் நீ வேலை செய்வாய் என்று கூச்சத்தோடு சொன்னார். பிறகு அவரே, "எடுத்துட்டுப் போயிடுங்க சார், இனிமே அவளுக்கு இது எதுக்கு? அதான் குறைச்சிடுவாங்களே!" என்று சிரித்தார். அங்கிருந்த எல்லோர் முகத்திலும் அந்தச் சந்தோஷம். உனக்கு நடக்கப்போவது மார்பின் அளவைக் குறைக்கும் அறுவை என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் சொல்ல முடிந்ததை என்னிடம் சொல்ல உனக்கு இடம் இருக்கவில்லை. நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அறுவைக்காக நாம் முதல் தடவை போன அன்று அந்த டாக்டர் உன்னைப் பார்த்துத்தான் கேட்டார்: "சொல்லுங்கம்மா, என்ன தொந்தரவு?" நீ மூச்சை இழுத்தாய். பல் வலியானாலும் காய்ச்சலானாலும் நம் வீட்டில் டாக்டரிடம் பேசுவது நான்தானே, அந்தப் பழக்கத்தில் நானே ஆரம்பித்துவிட்டேன். குழந்தை பிறந்த பிறகு மார்பு தளர்ந்து தொங்கிவிட்டது, அதில் உனக்கு மனக்குறை என்றேன். அது என் குறை. அளவைக் குறைக்கும் எண்ணம் உண்டா என்று அவர் கேட்டபோது, "அதெல்லாம் வேணாம் டாக்டர், தூக்கி நிறுத்திட்டாப் போதும்" என்று சிரித்தேன். அவர் உன் பக்கம் திரும்பி, "அப்படித்தானாம்மா?" என்றார். நீ என்னைப் பார்த்துவிட்டு, "ம்" என்றாய்.

தூக்கி நிறுத்தினால் தோற்றம் மாறும். கனம் அப்படியே இருக்கும். இது எனக்குத் தெரியாது என்று சொன்னால் என்னிடம் வேலை கற்றவன்கூடச் சிரிப்பான். உன் அக்கா சொன்னது சரி. இந்தக் கடிதத்தில் இதை எழுதத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது.

இன்று காலை டாக்டருக்கு போன் செய்து, குறைக்கும் அறுவையாகவே மாற்றிவிடச் சொல்லலாம் என்று எண்ணைக்கூட அழுத்திவிட்டேன். மணி அடித்ததும் வைத்துவிட்டேன். மறுபடி உனக்காக நான்தானே பேசப் போனேன்!

அறுவைக்கு முன் இன்னொரு முறை உன்னை வரச் சொல்லியிருக்கிறார். அப்போது தனியாக உள்ளே போ. அக்காவையும் வெளியே உட்காரச் சொல். வக்கீல் அல்லவா, உனக்காக வாதாட அவருக்கு நாக்கு துடிக்கும். தோளைக் காட்டு. கழுத்து வலியை, மார்புக்குக் கீழே வேர்த்துப் புண்ணாவதை, எல்லாவற்றையும் சொல். குறைத்தால் தழும்பு எப்படி இருக்கும், உணர்ச்சி மங்குமா, எத்தனை நாளில் வேலைக்குப் போகலாம் என்று கேள். எல்லாம் கேட்டபின் தூக்கி நிறுத்துவதே போதும் என்று நீயே நினைத்தால் அதுவும் சரி. இரண்டும் வேண்டாம், வீட்டுக்கு வருகிறேன் என்றாலும் சரி, பஸ் நிலையத்தில் வந்து நிற்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எது பிடிக்கும் என்று மட்டும் என்னிடம் கேட்டுவிடாதே. கேட்டால் சொல்லிவிடுவேன், சொன்னால் நீ "ம்" என்றுவிடுவாய்.

உடம்பு லேசாகி, குப்புறப் படுத்து நீ நிம்மதியாகத் தூங்க வேண்டும்.

உன் வீட்டுக்காரன்