பதுங்கு குழியின் புதிய மாணவர்

23-11-42, திங்கள்

விடியத் தொடங்கி மழை. குடையின் கம்பியொன்று போய்விட்டது. பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது இடது தோள் முழுதும் ஈரம்.

இந்தக் கிழமை எழுதவேண்டியவை பல. குழம்பாமல் இருக்க முதலிலேயே இலக்கமிட்டு வைக்கிறேன்.

1. தாள்.
2. சிவபாதத்தின் கட்டுரை.
3. தலைமையாசிரியரிடம் இதுபற்றிக் கதைப்பதில் பயனில்லை.
4. ஆகவே கட்டுரையை விலக்குதல்.
5. குடை.

முதலாவது. தாள் எங்கும் இல்லை. யுத்தத்துக்கு முன் மாணவர் சங்கத்தின் பத்திரிகை அச்சில் வந்ததாம். இப்போது கையெழுத்தில், மாதம் ஒரே பிரதி. சங்கக் கூட்டத்தில் பத்திராதிபர் அதை உரக்க வாசிப்பார். பிறகு வாசிகசாலை மேசையில் கிடக்கும். இம்மாதப் பத்திரிகை பழைய சோதனைத் தாள்களின் வெறும் பக்கத்தில்.

இளம் ஆசிரியர்கள் யுத்த வேலைகளுக்குப் போய்விட்டதால் வயதாகி இளைப்பாறியிருந்த என்னைத் திருப்பிக் கூப்பிட்டார்கள். சங்கத்தின் காப்பாளர் பதவியும் என் தலையில். என் கையொப்பமின்றிப் பத்திரிகை வாசிக்கப்படாது. ஏன் என்னைத் தெரிந்தெடுத்தார்கள்? சத்தம் போடமாட்டேன் என்பதாலாக்கும்.

இரண்டாவது. சிவபாதம் பத்திராதிபர். மேல் வகுப்பு, விடுதியில் இருக்கிறான். ஊர் தொண்டைமானாறு; தகப்பன் கடலுக்குப் போகிறவர். கட்டுரையின் தலைப்பு ‘புதிய மாணவர்’. விளையாட்டு மைதானத்தில் வெட்டிய பதுங்கு குழியில் மழைத் தண்ணீர் நிற்கிறது; தவளைகள் குடியேறிவிட்டன. அவற்றைப் புதிதாகச் சேர்ந்த மாணவராக வைத்து எழுதியிருக்கிறான். நன்றாயிருக்கிறது. இரண்டிடத்தில் சிரித்தேன். அறையில் வேறு யாரும் இல்லை.

24, செவ்வாய்

தூறல். காலையில் குண்டுவீச்சுப் பாதுகாப்புப் பயிற்சி மணி. சின்ன வகுப்புப் பிள்ளைகள் குழிக்குள் இறங்கிக் குந்தவேண்டும். குந்தவில்லை, தண்ணீருக்குள் நின்றார்கள். ஒருவன் சிலேட்டைத் தலையில் வைத்திருந்தான்.

இடைவேளையில் த.ஆ. கூப்பிட்டார். (தலைமையாசிரியரை இனி இப்படியே சுருக்கி எழுதுகிறேன்.)

“குழியைப் பற்றி என்னவோ பகிடி எழுதியிருக்கிறாங்களாம். உதுகள் வேண்டாம், மாஸ்டர். கச்சேரியாலை அரசாங்க ஆக்கள் பாக்க வரப்போகினம். உந்த ஆட்டமெண்டால் பத்திரிகையையே நிப்பாட்ட வேண்டி வரும்.”

“ஓம்” என்றேன்.

குழியில் தண்ணீர் நிற்கிறது, பிள்ளைகளை இறக்குவது சரியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். “மழை விடாது போலை” என்று வந்தது.

“விடாது” என்றார் த.ஆ.

மூன்றாவது இலக்கம் இத்துடன் உறுதி. குழி வெட்டியபோது கூடவே நின்று, இடம் காட்டி, கயிறு பிடித்தவர் அவர். சிரித்ததை நான் கண்டதில்லை. கேட்டால் கோபம் வரும், பத்திரிகை போய்விடும். கட்டுரை போனால் பத்திரிகையாவது மிஞ்சும். இது நியாயம்தானா, அல்லது என் பயத்துக்கு நான் போர்த்திவிடும் சால்வையா? தெரியவில்லை.

இரவு: கூப்பன் அரிசிச் சோறு. கல் அதிகம். மனைவி சொன்னாள்: “ஆறுதலாய்ச் சாப்பிடுங்கோ. உள்ள பல்லும் போகப்போகுது.”

25, புதன்

மழை. பத்திரிகைக் குழு கூடியது. நான், சிவபாதம், செயலாளர் நவரத்தினம், வேறு சிலர்.

“இந்தக் கட்டுரையை எடுத்துவிடுவம்” என்றேன்.

சிவபாதம்: “ஆர் சொன்னது, சேர்?”

“நான்தான் சொல்லுறன்.”

“பிழை என்ன இருக்கு? பொய் எழுதியிருக்கிறனோ?”

“பொய்யில்லை.”

“அப்ப?”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அவன் தாளை உருவி என் முன்னால் வைத்தான். “எடுங்கோ. நீங்கள் கையெழுத்து வைக்கிற ஆள். நாங்கள் தவளையளுக்குக் காயிதம் போட்டுச் சொல்லிவிடுறம்.” மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

நவரத்தினம் குனிந்தபடி குழுவின் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தான். அளவெட்டி ஊர்ப் பெடியன். வரி கோணாத எழுத்து. கட்டுரைத் தாளைக் கொஞ்சநேரம் கேட்டு வாங்கி வைத்திருந்துவிட்டுத் தந்தான். சங்க வேலைகளை ஒழுங்காகச் செய்பவன் அவன் ஒருவன்தான். நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அப்படியே பிடித்துக்கொண்டான்.

தாள் என் பையில்.

26, வியாழன்

கொஞ்சம் வெயில். வேட்டிகள் காய்ந்தன. சிவபாதம் விறாந்தையில் எதிரே வந்தான். வணக்கம் சொல்லவில்லை. நானும் சுவரைப் பார்த்துக்கொண்டு போனேன். அதன்பின் வகுப்பில் படிப்பித்த பாடம் எது என்று இப்போது நினைவில்லை.

27, வெள்ளி

பெருமழை. தவணைக் கடைசிக் கூட்டம் என்பதால் தலைமை த.ஆ. மண்டபம் நிறையப் பெடியள். சின்ன வகுப்பினர் பின்னால் நிலத்தில்.

தேவாரம். பிறகு அறிக்கை. கூட்டங்களில் முதலில் குழுவின் அறிக்கையை வாசித்து, திருத்தம் கேட்டு, தலைவர் ஒப்பமிட்ட பிறகே மற்றவை. ஆனி மாதத்தில் நான் எழுதிக்கொடுத்த விதிகள் இவை. நாலாம் விதி: குழு ஒன்றை விலக்கினால், விலக்கியதையும் விலக்கியவர் பெயரையும் முழுமையாகப் பதியவேண்டும்; பின்னர் யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது. ஐந்தாம் விதி: அறிக்கை வாசிக்கும்போது தலைவர் உட்பட யாரும் இடைமறிக்கக்கூடாது.

நவரத்தினம் எழுந்தான். “காப்பாளரின் சொற்படி பின்வரும் கட்டுரை விலக்கப்பட்டது” என்று வாசித்தான். நிறுத்தாமல் தொடர்ந்தான்.

“நமது பாடசாலையில் புதிய மாணவர் பலர் சேர்ந்துள்ளனர். மாதக் கட்டணம் கட்டாதவர். ஆயினும் ஒழுங்கீனம் இல்லை. எல்லாரும் ஒரே குரலில் பாடம் ஒப்புவிப்பர்...”

மண்டபம் சிரித்தது. த.ஆ. மேசையைப் பார்த்தபடி இருந்தார். நவரத்தினத்தின் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

“குழியில் தண்ணீர் முழங்கால் மட்டும் நிற்கிறது. மணி அடித்தால் நம் சின்னத் தம்பிமார் இவர்களோடு போய் இருக்கவேண்டும். புதிய மாணவருக்கு நீந்தத் தெரியும். தம்பிமாருக்குத் தெரியுமா என்று இதுவரை யாரும் சோதனை வைக்கவில்லை.”

இங்கே யாரும் சிரிக்கவில்லை.

வாசித்து முடிந்தது. திருத்தம் கேட்கும் இடம். த.ஆ. எழுந்தார். “மாஸ்டர், உங்கடை குடையை ஒருக்கால் தாங்கோ.”

கொடுத்தேன். கம்பி போனது என்று சொல்லவும் மறந்துபோனேன். அவர் மழைக்குள் இறங்கி மைதானப் பக்கம் நடந்தார். சிவபாதம் யன்னலோரம் போய் நின்றான்.

திரும்பி வந்தார். வேட்டி தொடை வரை நனைந்து சேறு. கதிரையில் இருக்கவில்லை.

“நவரத்தினம், முழங்கால் மட்டும் எண்டு எழுதியிருக்கிறீர்.”

“ஓம், சேர். கட்டுரையிலை அப்படித்தான் இருந்தது.”

“பிழை. முழங்காலுக்கு மேலை ஒரு சாண் நிக்குது. திருத்தும்.”

நவரத்தினம் வெட்டி எழுதினான். த.ஆ. ஈரக் கையால் ஒப்பமிட்டார். மை பரவியது. “திங்கள் தொடக்கம் ஒரு பிள்ளையும் குழிக்குள்ளை இறங்கத் தேவையில்லை. மணியடிச்சால் மேசைக்குக் கீழை. கச்சேரிக்கு நான் எழுதுறன்.” பிறகு சிவபாதத்தைப் பார்த்தார். “அந்தத் தாளைப் பத்திரிகையோடை சேர்த்துக் கட்டும். திருப்பி வாசிக்கத் தேவையில்லை. கேட்டாச்சு.”

கூட்டம் முடிந்து விறாந்தையில் த.ஆ. குடையைத் திருப்பித் தந்து என்னிடம் மெல்லச் சொன்னார்: “தண்ணி நிக்குதெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை, மாஸ்டர். நான் கந்தோர் அறைக்குள்ளை இருந்து மணியடிக்கச் சொல்லுறதோடை சரி. நீங்களாவது சொல்லியிருக்கலாம்.”

“ஓம்” என்றேன். இம்முறையும் அதுவே.

நவரத்தினத்தைக் கேட்டேன்: “வேணுமெண்டே செய்தனீர்?”

“நாலாம் விதி, சேர்” என்றான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

தாளைப் பையிலிருந்து எடுத்துச் சிவபாதத்திடம் கொடுத்தேன். மன்னிப்புப் போல ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவன் என் கையிலிருந்த குடையைப் பார்த்தான். “குடைக்கு இப்ப ரெண்டு கம்பி போயிட்டுது, சேர். தாங்கோ. வலை நூல் கிடக்கு, கட்டித் தாறன்.”

28, சனி

மழை இல்லை. மனைவியிடம் எல்லாம் சொன்னேன். விதியைக் கேட்டுச் சிரித்தாள். த.ஆ. சொன்னதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. “அந்தாளைக் கேட்டுப் பாத்திருக்கலாமே” என்றாள்.

சிவபாதம் குடை கொண்டுவந்தான். நன்றாக விரிகிறது. ஐந்தாம் இலக்கம் முடிந்தது.

திங்களன்று எழுதிய மூன்றாம் இலக்கம் பிழை. நான் கதைத்துப் பார்க்கவேயில்லை.