அண்ணியின் எண்ணெய் டின்னுக்கு நான் செய்த குழாய்

அண்ணி,

இன்று காலை கடைத்தெருவில் ஒருவன் எண்ணெய் ஊற்றுவதைப் பார்த்து நின்றுவிட்டேன். பதினைந்து கிலோ டின். மேல் மூலையில் ஆணியால் ஒரே ஒரு குத்து. டின்னைத் தொடைமேல் தூக்கி வைத்துச் சாய்க்கிறான். குபுக் குபுக்கென்று பாதி பாட்டிலுக்குள் போகிறது, பாதி அவன் லுங்கியில் போகிறது. தெரு முழுக்க நல்லெண்ணெய் வாசனை. எனக்குப் பொறுக்கவில்லை.

"எதிர் மூலையில இன்னொரு ஓட்ட போடுப்பா. காத்து உள்ள போனாதான எண்ண ஒழுங்கா வரும்" என்றேன்.

"வருது இல்ல பெரியவரே, வுடு."

"வருது. உன் லுங்கிக்கு வருது. அடியில ஒரு கொழாய மாட்டிக்கினா இன்னா?"

"டின்னுக்குக் கொழாயா? டின்னு தீந்துட்டா கொழாயயும் சேத்துத் தூக்கிப் போடறதா?"

"கழட்டி அடுத்த டின்னுல மாட்டு."

அவன் பக்கத்துக் கடைக்காரனைப் பார்த்துக் கண்ணடித்தான். எனக்கு எழுபத்து நான்கு வயது. என்னைப் பார்த்துக் கண்ணடித்தவர்கள் நிறைய. நான் நடையைக் கட்டினேன். வாசனை மட்டும் வீடு வரைக்கும் கூடவே வந்தது. அது உங்கள் கடை வாசனை. நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது வருடக்கணக்கில் உங்களோடு பேசாமல் இருந்தவன் இப்போது பேனாவைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

அண்ணன் இறந்த பிறகு அந்த எண்ணெய்க் கடையை நீங்கள் தனியாக நடத்தினீர்கள். நல்லெண்ணெய், கடலையெண்ணெய், விளக்கெண்ணெய், இலுப்பெண்ணெய் என்று வரிசையாக டின்கள். அமாவாசைக்கு அமாவாசை இரண்டு டின்னை ஸ்பெஷல் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு மேல்மலையனூர் போய், அங்காளம்மன் கோயில் தெருவில் விளக்குக்கு எண்ணெய் விற்பீர்கள். டின்னை நீங்கள் ஒற்றை ஆளாகத் தூக்கிச் சாய்ப்பதைப் பார்த்தால் எனக்கே தோள் வலிக்கும். உங்களுக்கு வலித்ததாக ஒரு நாளும் சொன்னதில்லை.

பிறகு ஒரு நாள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்தீர்கள். வலது தோள் போயிற்று. கட்டுப் பிரித்த பிறகும் கை காதுக்கு மேல் எழவில்லை. டாக்டர் பளு தூக்கக் கூடாது என்றார். நீங்கள் மறுவாரமே இடது கையால் டின்னைச் சாய்த்தீர்கள். டின் நழுவி, முக்கால் டின் கடலையெண்ணெய் ரோட்டில் ஓடியது. நான் வந்தபோது அதன்மேல் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"கடைய மூடிட்டு நான் எங்க போவறது தம்பி? பொண்ணு வூட்டுல போயி டிவி பாத்துக்கினு, அவ மாமியா குடுக்கற காப்பிய வாங்கிக் குடிச்சிக்கினு உக்காரவா?"

அழவில்லை நீங்கள். அழுதிருந்தால் நான் ஏதாவது ஆறுதல் சொல்லிவிட்டுப் போயிருப்பேன்.

நான் எட்டாவதோடு நின்றவன். பம்பு வேலை எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. ஊர் ஊராக அடிபம்பைப் பிரித்துப் போட்டு, எது எதற்கு என்று நானே பார்த்துத் தெரிந்துகொண்டவன். ஒரு குழாயை டின்னில் மாட்டுவது பெரிய வேலையா என்று நினைத்தேன். பெரிய வேலைதான். சாதாரணக் குழாய்க்கு உள்பக்கம் நட்டு போட வேண்டும். மூடி வந்த டின்னுக்குள் கையை எப்படி விடுவது? இரண்டு வாரம் யோசித்தேன். கடைசியில் ஒரு பித்தளைக் குழாயின் பின்பக்கத்தைக் கூம்பாகத் தேய்த்து, மரை போட்டேன். டின்னை மல்லாத்திப் படுக்க வைத்து, அடி ஓரத்தில் ஓட்டை போட்டு, குழாயை வைத்துத் திருகினால் தகரத்தை மரை கவ்விக்கொள்ளும். அப்புறம் டின்னை நிமிர்த்தி, மேலே காற்றுக்கு ஒரு சின்ன ஓட்டை. முடிந்தது. டின் தீர்ந்தால் திருகிக் கழற்றி அடுத்ததில் மாட்டிக்கொள்ளலாம்.

தகரம் மெல்லிசு. இரண்டு சுற்றுக்கு மேல் மரை பிடிக்காது. ஆகவே ஒழுகாமல் இருப்பது முழுக்க வாசர் கையில். சைக்கிள் டியூபில் வெட்டிப் போட்டேன். ஒரே வாரத்தில் எண்ணெயில் ஊறி, தண்ணீரில் போட்ட அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. அப்புறம்தான் வீட்டில் கிடந்த அடிபம்பு வாசர் கண்ணில் பட்டது. புதுசு. பம்புக்குள் தண்ணீரை இழுத்துக் கொடுக்கிற தோல் வாசர். அதிலிருந்து ஒரு வளையம் வெட்டி, எண்ணெயில் ஊறப்போட்டு மாட்டினேன். ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

"இது இன்னா, ரப்பரா?" என்று கேட்டீர்கள்.

"வாசர் அண்ணி" என்றேன்.

நீங்கள் ஒற்றை விரலால் குழாயைத் திறந்தது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. நூல் பிடித்த மாதிரி எண்ணெய் இறங்கியது. மூடினீர்கள், நின்றது. மறுபடியும் திறந்தீர்கள். வாங்க ஆளே இல்லாமல் ஒரு படி எண்ணெயைப் பிடித்து வைத்துவிட்டீர்கள்.

"பசு மாடு மாதிரி நிக்குது பாரு தம்பி. மடியில கைய வச்சா கறக்குது!"

ஒரே நாளில் கழற்றவும் மாட்டவும் பழகிக்கொண்டீர்கள். அமாவாசைக்குப் போகும்போது குழாயைத் துடைத்து, துணியில் சுற்றி, சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொள்வீர்கள். டின்னைப் பஸ்ஸில் ஏற்றி இறக்க ஆள் கிடைத்தார்கள். மற்றதெல்லாம் நீங்களே. கடை மூடவில்லை. டிவி பார்க்கப் போகவில்லை. அந்த நாலு மாதம் போல நான் வாழ்க்கையில் நிமிர்ந்து நடந்ததில்லை.

அப்புறம் என் வாய் சும்மா இருக்கவில்லை. மண்டகப்பட்டுப் பக்கமிருந்து வாரா வாரம் கோயில் விளக்குக்கு எண்ணெய் வாங்க வருவாரே ஓர் அம்மா, அவர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டே கேட்டார்: "இம்மா நாளா பாக்கறேன், ஒரு சொட்டு கூட ஒழுவல. இன்னா மாயமோ!"

கேட்டது உங்களை. பதில் சொன்னது நான். "ரப்பரா இருந்தா ஒழுவும்மா. இது அடிபம்புத் தோலு. ஊற ஊற இறுகும். இந்த ஐடியா எவனுக்கும் வராது."

அந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. அவர் உங்களைப் பார்த்தார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு குழாயை மூடினீர்கள். "மீதி வேணாங்க, போதும்" என்று பாதிப் பாட்டிலோடு அவர் போனார்.

"தோலா?" என்றீர்கள்.

"சுத்தமான தோலு. புதுசு."

"விளக்குக்கு வாங்கறாங்கடா தம்பி. சாமிக்கு ஏத்தறாங்க."

"ஊரு பூரா அடிபம்புத் தண்ணி குடிக்குது. அந்தத் தண்ணியிலதான் சாமிக்கு அபிசேகம் பண்றான். அதுவும் தோலு வழியாதான் வருது. அங்க மட்டும் தீட்டு இல்லயா?"

"அத நான் சொல்லல."

"அங்காளம்மனுக்கு பம்ப மேளம் அடிக்கறாங்களே, அது இன்னா பிளாஸ்டிக்கா?"

நீங்கள் குரலை உயர்த்தவில்லை. "பம்ப தோலுன்னு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சிதான் அடிக்கறாங்க. என் எண்ணையில தோலு இருக்குதுன்னு வாங்கறவங்களுக்குத் தெரியுமா? எனக்கே தெரியாதே."

பதில் இருந்தது என்னிடம். நிறைய இருந்தது. ஒவ்வொன்றாகச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல நீங்கள் டின்னை மல்லாத்திப் போட்டுக் குழாயைத் திருகிக் கழற்றினீர்கள். தோல் வளையத்தைத் தனியே எடுத்து என் கையில் வைத்தீர்கள். அதோடு நான் உங்கள் கடைப் படி இறங்கினேன்.

அதற்குப் பிறகு நீங்கள் செய்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அடுத்த அமாவாசைக்கு மேல்மலையனூரில், வழக்கமாக வருகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னீர்களாம்: "நாலு மாசமா தோலு வச்ச கொழாயில புடிச்ச எண்ணய குடுத்துட்டேன். தெரியாம நடந்துட்டுது. மனசு சங்கடமா இருந்தா சொல்லுங்க, வேற ஊத்தித் தரேன்." யாரும் கேட்காத கேள்விக்கு ஏன் அண்ணி பதில்? சில பேர் வேறு எண்ணெய் வாங்கிக்கொண்டு போனார்களாம். சில பேர் அதோடு வரவே இல்லை. ஒரு கிழவி மட்டும், "சுடுகாட்டுல எலும்ப மாலையா போட்டுக்கினு ஆடறவ அவ. ஒரு துண்டு தோலு அவள இன்னா பண்ணிடும்? ஊத்துடி" என்றாளாம். அந்தக் கிழவி எந்த ஊர் என்று தெரிந்தால் நேரில் போய்க் கும்பிட்டிருப்பேன்.

செய்தி நம் செஞ்சிக்கு என்னைவிட வேகமாக வந்தது. டீக்கடையில் எனக்குப் பேர் வைத்தார்கள், "செருப்புக் கொழாயி" என்று. "இன்னா செருப்புக் கொழாயி, டீயா காப்பியா?" முப்பது வருடம் இந்தத் தாலுக்காவில் பம்பு ரிப்பேர் செய்தவனுக்குக் கிடைத்த பட்டம். நீங்கள் வைத்த பேர் இல்லை. ஆனால் நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அது வந்திருக்காது. அன்றிலிருந்து உங்கள் கடை இருக்கும் பக்கம் நான் நடக்கவில்லை. தெருவின் எதிர்ச் சாரியில் நடப்பேன். வெயில் அந்தப் பக்கம்தான் அடிக்கும். கோட்டைப் பாறையின் சூடு வேறு. பரவாயில்லை என்று நடந்தேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் உங்கள் மகள் தூக்கு வாளியில் பலகாரம் கொண்டுவந்து, "சித்தப்பா, அம்மா குடுத்தாங்க" என்று வைத்துவிட்டுப் போகும். சாப்பிட்டேன். பொய் சொல்ல மாட்டேன். வாளியைக் கழுவி, காலியாகத் திருப்பி அனுப்பினேன். காலி வாளி அனுப்பக் கூடாது என்று எனக்குத் தெரியாதா?

ஆறு வருடம் அப்படிப் போனது.

போன ஆடிக்கு முந்தின ஆடி அமாவாசையன்று மேல்மலையனூரில் ஒரு மோட்டார் ரிப்பேர் என்று கூப்பிட்டார்கள். காலையில் வேலையை முடித்துவிட்டுக் கூட்டத்தில் இடிபட்டு வரும்போது உங்கள் கடையைப் பார்த்தேன். ஸ்டூல்மேல் டின். டின்னின் அடியில் என் குழாய். எனக்குள் என்ன துள்ளல் துள்ளியது தெரியுமா? பேசாமல் போயிருக்கலாம். போகவில்லை.

"இன்னா அண்ணி, செருப்புக் கொழாயி இங்க இன்னா பண்ணுது?"

நீங்கள் திடுக்கிடவில்லை. ஆறு வருடத்துக்குப் பிறகு வந்த ஆளை, நேற்று வந்து போனவனைப் பார்ப்பது போலப் பார்த்தீர்கள். "கிட்ட வந்து பாரு மெக்கானிக்கு" என்றீர்கள்.

குனிந்து பார்த்தேன். வாசரே இல்லை. விளக்குத் திரி நூலை முறுக்கி, மரை முழுக்க இறுக்கிச் சுற்றியிருந்தீர்கள். எண்ணெய் குடித்து உப்பிய நூல் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது. டின்னுக்கு அடியில் விரலை விட்டுத் தடவினேன். காய்ந்திருந்தது.

"நூலு தாங்காது அண்ணி. ரெண்டு டின்னுல நைஞ்சிடும்."

"நையட்டும். டின்னு மாத்தும்போது எப்பிடியும் கழட்டறேன் இல்ல? அப்ப புதுசா சுத்திக்கறேன். என் கடையில திரிக்கா பஞ்சம்?"

நான் நூலை மறுபடி தடவிப் பார்த்தேன். ஒரு தடவை போட்டால் வருடக்கணக்கில் இருக்க வேண்டும் என்றே நான் யோசித்துக்கொண்டிருந்தவன். டின்னுக்கு டின் கழற்றுகிற பொருளுக்கு அது தேவையே இல்லை என்பது எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. என்னுடையதைவிட உங்களுடையது நல்ல வேலை. அன்றைக்கே தெரிந்தது. சொல்லவில்லை.

இரண்டு பேர் வந்து எண்ணெய் வாங்கிக்கொண்டு போனார்கள். கூட்டம் கொஞ்சம் விலகியதும் நீங்கள் குழாயைப் பார்த்தபடியே கேட்டீர்கள்.

"தோலு வச்சதுக்கு எனக்குக் கோவம் இல்ல தம்பி. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சொன்னா நான் வேணாம்னு சொல்லிடுவேன்னு தெரிஞ்சிதான சொல்லல?"

"பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சி அண்ணி."

"அமாவாசைக்கு அஞ்சு நிமிசத்துக்கு ஒரு பஸ்ஸு வுடறான். போ."

போனேன். அதற்குப் பிறகு கடைப் பக்கம் நடந்தேன். "சாப்டியா?" என்பீர்கள். "ஆச்சி" என்பேன். அவ்வளவுதான். அந்தக் கேள்வியை நீங்கள் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுபடியும் பஸ்ஸைத்தான் சொல்லியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும்.

உங்களைத் தூக்கிக்கொண்டு போன அன்று எல்லாரும் அழுதார்கள். நான் டாக்டரைக் குறை சொன்னேன், பந்தல் போட்டவனைக் குறை சொன்னேன், மாலை வாடியிருக்கிறது என்று சண்டை போட்டேன். உங்கள் மகள் என்னைக் கையைப் பிடித்து ஓரமாக உட்கார வைத்தது. கடையை இப்போது அதுதான் நடத்துகிறது. குழாயை, "நீங்க செஞ்சது, வச்சிக்கிங்க சித்தப்பா" என்றது. உனக்குத்தான் அது வேண்டும், திரி சுற்றத் தெரியும் இல்லையா என்று சொல்லிவிட்டு வந்தேன். என்னிடம் உங்களுடையது என்று ஒரு பொருளும் இல்லை. நீங்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான் இருக்கிறது. பம்பைப் பிரிக்கும்போதும் இருக்கிறது, சோற்றில் கை வைக்கும்போதும் இருக்கிறது.

தோலைப் பற்றி நான் சொன்னது சரி. தண்ணீருக்கு இல்லாத தீட்டு எண்ணெய்க்கும் இல்லை. இதில் இன்றைக்கும் இம்மி இறங்க மாட்டேன். யார் வேண்டுமானாலும் வரட்டும், பேசுகிறேன்.

ஆனால் நீங்கள் கேட்டது அது இல்லை.

ஆமாம் அண்ணி. வேண்டாம் என்பீர்கள் என்று தெரிந்துதான் சொல்லவில்லை.