கூழைக்கடா எண்ணச் சென்ற பதினெட்டுப் பிள்ளைகள்

ஏரிகள் நிறைக, ஏர்கள் நடக்க, எல்லைகள் அமைதியுறுக. வேள்புனல் நாடாளும் நங்கைமாதேவியாரின் ஆணை தாங்கி, அமைச்சன் கூத்தன் பரிதி, தென்னெல்லை காக்கும் நாட்டதிகாரி வில்லவன் காரியாருக்கு விடுக்கும் ஓலை. உமக்கும் உம் படைக்கும் உம் காவலில் வாழும் ஊர்களுக்கும் நலம் பெருகுவதாக.

நீரூர்ப் பள்ளியில் சிறார்க்கு எழுத்தும் எண்ணும் கற்பிக்கும் கணக்காயர் எயினியாரைப் பணியினின்று நீக்க வேண்டும் என்றும், இனி எந்தப் பள்ளிப் பிள்ளையும் ஊரெல்லை தாண்டலாகாது என்றும் நீர் எழுதிய ஓலை அரசியார் திருமுன் படிக்கப்பட்டது. நடந்ததை நேரில் அறிந்து வருமாறு எம்மைப் பணித்தார்கள். யாம் அறிந்தது இது.

நீரூர் ஏரியில் பகலெல்லாம் மீன் பிடிக்கும் கூழைக்கடாக்கள் மாலையில் தெற்கே பறந்து மறைகின்றன. அவை எங்கே உறங்குகின்றன என்று எட்டு வயதுச் சிறுமி தத்தை ஒருநாள் எயினியாரிடம் கேட்டாள். தமக்குத் தெரியாது என்றார் எயினியார். வலைஞரைக் கேட்டார்; ஒருவர் கடல் என்றார், ஒருவர் மலை என்றார். தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஆதலின் பெற்றோரின் இசைவு பெற்று, பதினெட்டுப் பிள்ளைகளையும் துணைக்கு இரு தாய்மாரையும் கூட்டிக்கொண்டு, அரிசியும் பாயும் ஏற்றிய ஒரு வண்டியோடு புறப்பட்டார்.

அவர்கள் வழி கண்ட விதம் எமக்கு வியப்பாயிற்று. முதல்நாள் மாலை ஏரிக்கரையில் நின்று, பறவைகள் கண்ணுக்கு மறைந்த திசையில் ஒரு கோல் நட்டனர். மறுநாள் அந்தத் திசையிலேயே நடந்து, மறைந்த இடத்தில் கூடாரமிட்டு, அங்கிருந்து மறுபடி பார்த்தனர். கடந்த பாறையையும் ஓடையையும் பனங்கூட்டத்தையும் ஒரு பெரிய துணியில் மஞ்சளாலும் கரியாலும் வரைந்தனர். எண்ணிய ஒவ்வொரு பறவைக்கும் ஒரு புள்ளி வைத்தனர். வீட்டில் கூட்டல் என்றாலே அழும் பிள்ளைகளும் அங்கே நூறு தாண்டி எண்ணினராம்.

மூன்றாம் மாலை ஒரு குன்றின்மேல் நின்றபோது, கீழே ஓர் அகழிக்கரை மருதமரங்களில் பறவைகள் கூட்டங்கூட்டமாய் இறங்கக் கண்டனர். பிள்ளைகள் கூவிக்கொண்டு ஓடினர், எயினியாரும் ஓடினார். வழியில் எல்லைக்கல் கிடந்ததை அவர் கவனிக்கவில்லை. அது அண்டைநாட்டாரின் வல்லமூர்க் கோட்டை அகழி.

பிள்ளைகள் கரையிலமர்ந்து பறவைகளைப் புள்ளியிட்டு, எதிரே தெரிந்த கோட்டைவாயிலையும் காவல்கோபுரத்தையும் வரைந்துகொண்டிருந்தபோது, கோட்டைத் தலைவர் அதிகனாரின் காவலர் துணியைப் பறித்து விரித்தனர். நம் ஏரியிலிருந்து அவர் கோட்டை வரை நேர்வழி; கோட்டையைச் சுற்றி முந்நூற்றுக்கு மேற்பட்ட புள்ளிகள். படை வரும் பாதை என்றே அதிகனார் கொண்டார். பிள்ளைகளை முதலில் அனுப்புங்கள், எதுவாயினும் என்னைக் கேளுங்கள் என்று எயினியார் சொல்ல, அவரை மட்டும் சிறைவைத்து மற்றோரை வண்டியேற்றி அனுப்பினார். அதன்பின் நீர் எல்லையில் ஐம்பது வில்லாளரை நிறுத்தினீர். அதிகனார் நூறு பேரை நிறுத்தினார்.

அரசியார் பணித்த ஆறாம் நாள் யாம் வல்லமூர் சேர்ந்தோம். எயினியார் மெலிந்திருந்தார். சிறையினும் பெரிதாய் ஓர் அச்சம் அவரை வாட்டியது: கேள்வி கேட்டதனால்தான் இந்தக் கேடு வந்தது என்று பிள்ளைகள் எண்ணிவிடுவரோ என்பது. பறவை எண்ணவா மூன்று நாள் காட்டில் தங்குவர் என்று அதிகனார் வினவியபோது, மறைப்பானேன், எம் உள்ளத்திலும் அதே ஐயம் எழுந்தது.

பிள்ளைகளையே கேட்போம் என்று முடிவாயிற்று. நீரூரிலிருந்து தத்தை முதலிய ஆறு பிள்ளைகள் தாய்மாரோடு வந்தனர். பறவைகள் எத்தனை என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டனர். ஆறு பேரும் ஆறு கணக்குச் சொன்னார்கள். பிறகு ஒன்றாய் நிறுத்தியதும், பறந்து போய்த் திரும்பி வந்ததை இரண்டாக எண்ணலாமா என்று அவைநடுவே சண்டையிட்டனர். சொல்லிக்கொடுத்து அனுப்பிய ஒற்றர் இப்படிச் சண்டையிடார் என்று அதிகனாரின் முகமே சொல்லிற்று. அப்போது தத்தை அவரை நேரே பார்த்துக் கேட்டதை, அவள் சொன்னபடியே எழுதுகிறோம்:

“ஐயா, அதுங்க உங்க மரத்துலதானே தூங்குது? குஞ்சு பொரிச்சிருச்சான்னு நீங்க ஏறிப் பாத்தீங்களா?”

பதினோராண்டு அக்கோட்டையில் வாழ்ந்தவர் எழுந்து, எல்லோரையும் மதில்மேல் அழைத்துச் சென்றார். மாலை வெயிலில் கூடுகள் தெளிவாய்த் தெரிந்தன. குஞ்சுகள் தாயின் வாய்ப்பைக்குள் தலைவிட்டு மீன் உண்டன. அதிகனாரும் எண்ணினார். அவர் கணக்கு எவர் கணக்கோடும் ஒத்துவரவில்லை. இவை பகலில் எங்கே போகின்றன என்பதை இத்தனை ஆண்டும் அறியாதிருந்தேன் என்று எம்மிடம் மெல்லச் சொன்னார்.

அன்றே எயினியாரை விடுவித்தார். துணியையும் தந்தார்; ஆனால் அதில் வரைந்திருந்த கோட்டைவாயிலையும் காவல்கோபுரத்தையும் தம் கையாலேயே கழுவி அழித்தபின்பே தந்தார். அது அவர் கடமை என்று எயினியாரும் தடுக்கவில்லை. அழித்த இடத்தில் அதிகனார் கரித்துண்டெடுத்து, குஞ்சுள்ள கூடுகளைக் குறித்தார். தத்தை இரண்டைத் திருத்தினாள்.

எல்லைக்கல்லைக் காணாது கடந்தது எயினியாரின் பிழை. அதை அவரே முதலில் ஒப்புக்கொண்டார். பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்றது பிழையன்று என்பது அரசியார் துணிபு. மழைக்காலத்தில் அப்பறவைகள் எங்கே போகின்றன என்று அரசியாரே இப்போது கேட்கிறார்கள். அவையில் எவருக்கும் விடை தெரியவில்லை.

ஆதலின் ஆணை: வில்லாளர் ஐம்பதின்மரும் இவ்வோலை கண்ட அன்றே பாசறை திரும்புக. எயினியார் தம் பணியில் தொடர்க. இனிப் பிள்ளைகள் எல்லைப்புறம் செல்லுமுன் இருபுறக் காவலுக்கும் செய்தி போகுக. அடுத்த பயணத்தில் நீர் வாளின்றி உடன்செல்க; பிள்ளைகள் எண்ணும்போது நீரும் எண்ணுக; உம் கணக்கைத் தனியே எழுதி அரசியார்க்கு அனுப்புக.

அரசியார் கேட்டு இசைந்து இணைகயல் முத்திரை இட்டது. இதன்படி நடக்க.